சிப்பர் வாங்குவதற்கு முன்னால் உங்கள் 8 அயர்னை எடுங்கள்

கோல்ஃப் மைதானம். குழியும் கொடியும் இருக்கும் கிரீனுக்கு இரண்டு தப்படி வெளியே பந்து கிடக்கிறது, கொடி இன்னும் பத்துத் தப்படி உள்ளே. நடுவில் மணல் இல்லை, மேடு இல்லை, ஒட்ட வெட்டிய புல் மட்டும்தான். இந்த இடத்தில் பையிலிருந்து 56 டிகிரி வெட்ஜை (பந்தை உயரக் கிளப்பும் கிளப், அதாவது கோல்ஃப் மட்டை) உருவி, பந்துக்கு இரண்டு விரல் பின்னால் மண்ணைக் கொத்தி, பந்தை ஒரு சாண் மட்டும் நகர்த்திவிட்டு, அடுத்த அடியிலும் அதே தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் உடம்பையே மேலே தூக்கி, கிளப்பின் விளிம்பால் பந்தின் வயிற்றில் இடித்து, அது கிரீனைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கத்து மணற்பள்ளத்தில் (பங்கரில்) போய் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அப்படிப் பல வருடம் நின்றவன்.

இந்த நோய்க்குக் கடையில் கிடைக்கும் மருந்து சிப்பர். மருந்து வேலை செய்யும், ஆனால் எல்லோருக்கும் இல்லை, எல்லா இடத்திலும் இல்லை. அது சரிசெய்வது உங்கள் மணிக்கட்டை. பந்தை எங்கே இறக்குவது என்ற கணக்கை அது போட்டுத்தராது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்குகிறவர்கள்தான் மூன்று மாதத்தில் அதை வீட்டு மூலையில் சாத்திவைக்கிறார்கள்.

சிப்பர் என்றால் என்ன

பட்டர் (கிரீனில் பந்தை உருட்டும் கிளப்) மாதிரி பிடித்து, பட்டர் மாதிரி ஆட்டி, ஆனால் அயர்ன் (எண் போட்ட இரும்புத் தலை கிளப்) மாதிரி பந்தைக் கொஞ்சம் கிளப்பிவிடுகிற கிளப், அவ்வளவுதான். (பட்டர் என்று எழுதும்போதெல்லாம் வெண்ணெய் ஞாபகம் வருகிறது, என்ன செய்வது.) லாஃப்ட், அதாவது அடிக்கும் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், பெரும்பாலும் 32 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குள் இருக்கும். நீளம் 35 அங்குலத்தை ஒட்டி, அதாவது பட்டர் அளவு. தலை கனமாக இருக்கும், அடிப்பகுதி அகலமாக இருக்கும். ஷாஃப்ட் (தண்டு) தரையோடு சேரும் கோணமும் பட்டரைப்போல நிமிர்ந்து, 70 டிகிரி பக்கம். சாதாரண 8 அயர்னில் இந்தக் கோணம் 63 டிகிரி பக்கம்தான் இருக்கும், நீளமும் அங்குலம் ஒன்றரை கூடுதல். கேட்க அற்ப வித்தியாசம்தான். ஆனால் அந்த ஏழு டிகிரியால்தான் நீங்கள் பந்துக்குப் பக்கத்தில் நின்று, கைகளைத் தொங்கவிட்டு, தோளை மட்டும் ஆட்ட முடிகிறது.

இது புதுசாகக் கண்டுபிடித்த சோம்பேறிக் கருவி என்று கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. மரத்தண்டு கிளப் காலத்திலேயே ஜிகர் என்ற பெயரில் லாஃப்ட் குறைந்த, தண்டு குட்டையான ஒரு அயர்ன் இருந்தது. பந்தைத் தரையோடு உருட்டிக் கிரீனில் ஏற்றுவதுதான் அதன் வேலை. சிப்பர் அதன் பேரப்பிள்ளை. கிண்டல் செய்கிறவர்களிடம் இதைச் சொல்லலாம், அல்லது ஒன்றும் சொல்லாமல் பந்தைக் குழிக்குப் பக்கத்தில் நிறுத்தலாம். இரண்டாவது வழி எனக்குப் பிடிக்கும்.

ஏன் வேலை செய்கிறது என்றால், லாஃப்ட் கூடக்கூட அதே தூரம் போக வீச்சும் பெரிதாக வேண்டும். 56 டிகிரி வெட்ஜில் பன்னிரண்டு தப்படி போக, கை இடுப்புப் பக்கம் வரை போகும். அவ்வளவு பின்னால் போகும்போது மணிக்கட்டு மடங்கும், மடங்கியது சரியான நொடியில் திரும்ப வேண்டும். சிப்பரில் அதே தூரத்துக்குக் கிளப் தலை முழங்கால்கூட எட்டாது. தப்பு செய்யவே இடம் குறைவு. அப்புறம் அந்த அகலமான அடிப்பகுதி: பந்துக்கு ஒரு விரல் பின்னால் பட்டாலும் மண்ணைத் தோண்டாமல் புல்மேல் வழுக்கிப் போய்ப் பந்தைத் தொட்டுவிடும். வெட்ஜில் அந்த ஒரு விரல் தப்புக்கு மன்னிப்பே கிடையாது, அதிலும் தரை காய்ந்து கெட்டியாக இருந்தால்.

முதலில் செலவில்லாத பரிசோதனை

கடைக்குப் போவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பயிற்சிக் கிரீனுக்கு வெளியே இரண்டு தப்படியில் இருபது பந்து போடுங்கள். பத்தை வழக்கமான வெட்ஜால் அடியுங்கள். மீதிப் பத்தை உங்கள் 8 அயர்னால், ஆனால் பட்டர் பிடியில், கிரிப்பின் (கைப்பிடி உறையின்) கீழ்முனைவரை கையை இறக்கிப் பிடித்து, பந்துக்கு நன்றாக நெருங்கி நின்று, தலையின் குதிப்பக்கம் (தண்டை ஒட்டிய பக்கம்) தரையை விட்டுச் சற்றுத் தூக்கியிருக்க, பட்டிங் ஆட்டம்போல அடியுங்கள். குழிக்கு எவ்வளவு கிட்ட நின்றது என்று இப்போது பார்க்க வேண்டாம். எத்தனை பந்து சுத்தமாகப் பட்டது, எத்தனை மண் கொத்தியது, எத்தனை வயிற்றில் இடித்தது என்பதை மட்டும் எண்ணுங்கள்.

வெட்ஜில் பத்துக்கு எட்டு ஒன்பது சுத்தமாகப் பட்டால் உங்களுக்குச் சிப்பர் தேவையே இல்லை. உங்கள் குறை தூரக்கணக்கில் இருக்கிறது, அதற்கு எந்தக் கிளப்பும் உதவாது. வெட்ஜில் நாலைந்து கெட்டு, 8 அயர்னில் ஒன்றோ இரண்டோதான் கெட்டது என்றால் உங்களிடம் ஏற்கெனவே ஒரு இலவச சிப்பர் இருக்கிறது, ஒரு மாதம் அதையே பயன்படுத்திப் பாருங்கள். சிலருக்கு 8 அயர்னை அப்படி நிமிர்த்திப் பிடிக்கவே வராது. மேல்முனை வயிற்றில் முட்டும், முனைப்பக்கம் புல்லில் மாட்டி முகம் திரும்பிக்கொள்ளும், குனிந்து குனிந்து முதுகு வலிக்கும். பந்தைத் தொடும் அந்தக் கணத்தில் வலது கை தானாகத் துடிக்கிற வியாதி உள்ளவர்களும் இருக்கிறார்கள், வெட்ஜைப் பார்த்தாலே கை நடுங்கும். இவர்களுக்குத்தான் சிப்பர் உண்மையாகவே ஒரு வரம். நான் இரண்டாவது கூட்டத்தில் தொடங்கி, ஒரு வருடம் கழித்து மூன்றாவது கூட்டத்தில் சேர்ந்தவன்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

லாஃப்டிலிருந்து தொடங்குவோம். விற்பவர் "இது 7 அயர்ன் மாதிரி" என்பார். அதில் அர்த்தமே இல்லை, ஏனென்றால் 7 அயர்ன் என்பதே இப்போது ஒரே பொருள் இல்லை. பழைய செட்களில் 7 அயர்ன் 35 டிகிரியை ஒட்டி இருந்தது. இப்போது வரும் பல செட்களில் 28, 30 என்று இறங்கிவிட்டது, அதாவது பழைய 5 அயர்ன் போட்டிருக்கும் சட்டை 7. ஆகவே எண்ணைக் கேட்காதீர்கள், டிகிரியைக் கேளுங்கள். ஒடிஸி எக்ஸ்-ஆக்ட் 37 டிகிரி, பிங் நிறுவனத்தின் சிப்ஆர் 38.5, கிளீவ்லேண்ட் ஸ்மார்ட் சோல் வரிசையின் சி 42. இந்த ஐந்து டிகிரி தரையில் தெரியும். 37 பக்கம் இருப்பது சீக்கிரம் இறங்கி நிறைய ஓடும், 42 பக்கம் இருப்பது ஃப்ரிஞ்சை (கிரீனைச் சுற்றியுள்ள ஓரப்புல்லை) தாராளமாகத் தாண்டி இறங்கிக் குறைவாக ஓடும். நீங்கள் ஆடும் கிரீன்கள் பெரிதாகவும் மெதுவாகவும் இருந்தால் குறைந்த லாஃப்ட். சின்னக் கிரீன், வேகமான கிரீன், சுற்றிலும் நாலைந்து தப்படிக்குப் புல் வளர்ந்திருக்கும் மைதானம் என்றால் கூடின லாஃப்ட். இரண்டும் கலந்து ஆடுபவர்கள் 38 பக்கம் எடுத்தால் பெரிய தவறு நேராது.

அடுத்து விதி. போட்டியில் ஆடுகிறவர்கள், ஹேண்டிகேப்புக்கு (ஆட்டத்தின் தரத்தைக் காட்டும் எண்) ஸ்கோர் கொடுக்கிறவர்கள் இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டுப் பிறகு தலையில் கை வைக்கிறார்கள். விதியின் பார்வையில் சிப்பர் பட்டர் இல்லை, அயர்ன். பட்டருக்கு உள்ள சலுகைகள் எதுவும் அதற்குக் கிடையாது. ஷாஃப்ட் தலையின் குதிப்பக்கத்தில்தான் சேர வேண்டும், பட்டர்போல நடுவில் சேரக் கூடாது. கிரிப்பின் குறுக்குவெட்டு வட்டமாக இருக்க வேண்டும், பட்டரில் வரும் தட்டையான முன்பக்கம் வைத்த கிரிப் கூடாது. அடிக்கும் முகம் ஒன்றுதான் இருக்கலாம். இடது கை, வலது கை இரண்டு பக்கமும் அடிக்கலாம் என்று விற்கும் இருமுகச் சிப்பர்கள் விதிக்கு ஒத்துவராதவை; இரண்டு முகம் பட்டருக்கு மட்டும்தான், அதுவும் இரண்டும் ஒரேமாதிரி இருந்தால். முகத்தில் உள்ள கோடுகளும் அயர்ன் விதிக்கு உட்பட்டவையே. இன்னொரு பொறி, வாங்கிய பிறகு நாமே செய்துகொள்வது: பட்டர் மாதிரி அடிக்கிறோமே, பட்டர் கிரிப்பே போட்டுவிடலாம் என்று ஒருவர் தடித்த தட்டைக் கிரிப் மாற்றிக்கொண்டு வந்தார். கைக்கு நன்றாகத்தான் இருந்தது. போட்டியில் அந்தக் கிளப்பால் ஓர் அடி அடித்திருந்தால் தகுதி நீக்கம். வட்டமான தடித்த கிரிப் கிடைக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாம்.

நீளத்தை உங்கள் பட்டரோடு ஒப்பிடுங்கள். பட்டர் 34 என்றால் சிப்பரும் 34, 35க்குள் இருக்கட்டும். நிற்கும் நிலை இரண்டுக்கும் ஒன்றாக இருந்தால்தான் உடம்பு "இது பட்டிங்" என்று நம்பும். தரையில் வைத்துப் பாருங்கள்: அடிப்பகுதி முழுவதும் தட்டையாக உட்கார வேண்டும், மேலே இருந்து பார்க்கும்போது கீழ்விளிம்பு இலக்குக்குச் செங்குத்தாகத் தெரிய வேண்டும். தலையின் மேல் வரைந்திருக்கும் கோடுகள் சிலருக்கு உதவும், சிலருக்கு உறுத்தும், அது உங்கள் கண்ணைப் பொறுத்தது. பழைய கிளப் வாங்கினாலும் கெட்டுப்போக இதில் ஒன்றுமில்லை, கிரிப் மட்டும் கெட்டித்துப் போயிருக்கும்.

நிற்பதும் அடிப்பதும்

பாதங்களுக்கு நடுவில் ஒரு பாத அகலம் இடைவெளி போதும். பந்து நடுவில், அல்லது நடுவிலிருந்து ஒரு பந்து அளவு பின்னங்கால் பக்கம். அதற்கு மேல் பின்னால் தள்ளாதீர்கள். தள்ளினால் லாஃப்ட் செத்து, கூர்விளிம்பு முன்னால் வந்து மண்ணைக் கடிக்கும். அகலமான அடிப்பகுதிக்குக் கொடுத்த காசெல்லாம் வீண். உடம்பின் எடை இலக்குப் பக்கத்துக் காலில் கொஞ்சம் கூடுதலாக, நூற்றுக்கு அறுபது என்று வைத்துக்கொள்ளுங்கள், அடித்து முடிக்கும் வரை அங்கேயே. கைகள் பந்துக்கு ஒரு விரற்கடை முன்னால் இருந்தால் போதும்.

இப்போது பிடி. உங்கள் பட்டிங் பிடி எதுவோ அதுவே. இடது கை கீழே வைத்துப் பட் செய்கிறவர் இதையும் அப்படியே பிடிக்கலாம். இரண்டு கட்டைவிரலும் ஷாஃப்டின் நேர் மேலே படுத்திருக்கட்டும். இறுக்கம் எவ்வளவு என்று கேட்டால், பிடித்த பிறகு முன்னங்கையைத் தொட்டுப் பாருங்கள், நரம்பு முறுக்கேறி நிற்கக் கூடாது. கைகளும் தோள்களும் சேர்ந்து ஒரு முக்கோணம் தெரிகிறதல்லவா, அந்த முக்கோணம் கலையாமல் தோள் ஆட வேண்டும். அவ்வளவுதான் மொத்த வித்தையும்.

நான் சிக்கிய இடத்தைச் சொல்கிறேன். பந்தைக் கிளப்ப வேண்டும் என்று மனசு துடிக்கும். வலது உள்ளங்கை வானத்தைப் பார்க்கத் திரும்பும், கிளப் தலை கைகளை முந்தும், அகப்பையால் அள்ளுவதுபோல ஆகிவிடும். சிப்பரிலும் இது நடக்கும், அகலமான அடிப்பகுதி பாதியை மறைத்துவிடும் என்பதால் தெரியவே தெரியாது, பந்து மட்டும் ஒரு தடவை குறைவாகவும் ஒரு தடவை அதிகமாகவும் போகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: அடித்து முடித்ததும் அப்படியே சிலையாக நின்று இடது மணிக்கட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் சரி. சுருக்கம் விழுந்து பின்பக்கமாக மடங்கியிருந்தால் அள்ளியிருக்கிறீர்கள். பந்து எங்கே போனது என்று பார்ப்பதற்கு முன்னால் இதைப் பார்க்கிற பழக்கம் வர எனக்கு ஒரு மாதம் ஆனது.

சத்தமும் சொல்லும். சரியாகப் பட்டால் முதலில் பந்தின் 'டக்', உடனே புல்லை உரசும் மெல்லிய சரசரப்பு. சரசரப்பு முதலில் வந்தால் பின்னால் தொட்டுவிட்டீர்கள். சரசரப்பே இல்லாமல் 'டிங்' என்று மட்டும் கேட்டால் பந்தின் நடுவயிற்றில் பட்டிருக்கிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் அடிக்கும் நேரத்தில் தலை நிமிர்வது.

தூரத்தைக் கட்டுப்படுத்துவது வீச்சின் நீளம், வேகம் இல்லை. பின்னால் எவ்வளவு போனதோ முன்னாலும் அவ்வளவு. பின்னால் பெரிதாக எடுத்துவிட்டு, அடிக்கும் நேரத்தில் "ஐயோ அதிகமாயிடும்" என்று பிரேக் போடுவதுதான் இந்தக் கிளப்பின் முதல் எதிரி. பயமாக இருந்தால் பின்வீச்சைக் குறையுங்கள், முன்வீச்சை அல்ல.

எங்கே இறக்குவது

சிப்பரால் அடிக்கும்போது குழியைப் பார்த்து அடிக்கக் கூடாது. பந்து முதலில் தரையைத் தொட வேண்டிய புள்ளியைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும், மீதியைக் கிரீன் பார்த்துக்கொள்ளும். 2005 மாஸ்டர்ஸ் போட்டியின் 16ஆவது ஹோலில் டைகர் வுட்ஸ் அடித்த சிப்பை (கிரீன் ஓரத்துச் சிறு அடியை) பார்க்காதவர்கள் குறைவு. குழியின் பக்கமே அடிக்காமல் மேட்டில் ஒரு புள்ளியில் இறக்கினார், பந்து திரும்பி, சரிந்து, குழியின் விளிம்பில் நின்று யோசித்து, விழுந்தது. அவர் அடித்தது சிப்பர் இல்லை, வெட்ஜ். ஆனால் யோசித்த முறை நமக்கும் அதே.

பழைய கணக்கு ஒன்று உண்டு: பன்னிரண்டிலிருந்து அயர்ன் எண்ணைக் கழி. 8 அயர்ன் என்றால் நான்கு, அதாவது பந்து காற்றில் ஒரு பங்கு போனால் தரையில் நான்கு பங்கு ஓடும். 9 அயர்ன் என்றால் மூன்று. இது பழைய லாஃப்ட்களுக்கும், சமதளமான நடுத்தர வேகக் கிரீனுக்கும் போட்ட கணக்கு, வேதவாக்கு இல்லை. 37, 38 டிகிரிச் சிப்பருக்கு நான் மூன்று பங்கு என்று தொடங்கி, கிரீன் வேகமாக இருந்தால் நான்கு என்று மாற்றிக்கொள்கிறேன்.

ஆரம்பத்தில் சொன்ன பந்தையே எடுத்துக்கொள்வோம். விளிம்புக்கு வெளியே இரண்டு தப்படி, விளிம்பிலிருந்து குழி பத்துத் தப்படி, மொத்தம் பன்னிரண்டு. கிரீனுக்குள் ஒரு தப்படியில் இறக்கினால் காற்றில் மூன்று, தரையில் ஒன்பது. ஒன்றுக்கு மூன்று, சிப்பருக்கென்றே அளந்து வைத்ததுபோல. இப்போது பந்து ஐந்து தப்படி வெளியே, குழி விளிம்பிலிருந்து ஐந்தே தப்படி என்று வையுங்கள். ஒரு தப்படி உள்ளே இறக்க வேண்டுமென்றால் காற்றில் ஆறு, அப்புறம் ஓட இடம் நாலுதான் இருக்கிறது, ஆனால் சிப்பர் பதினெட்டு ஓடும். கொடியைத் தாண்டி அந்தப்பக்கம் போய்விடும். இங்கே சிப்பரை எடுத்தால் தப்பு கிளப்பில் இல்லை, நம் தலையில். வெட்ஜை எடுங்கள், அல்லது வழி சுத்தமாக இருந்தால் பட்டரால் உருட்டுங்கள். காற்றில் போகும் தூரத்தைப் போல மூன்று மடங்கு ஓட இடமிருக்கிறதா என்ற ஒரே கேள்விதான். நடந்து போய்த் தப்படி எண்ணுங்கள், கூச்சப்பட வேண்டாம், பந்தை நோக்கி நடக்கும்போதே எண்ணிவிடலாம்.

ஏற்றமாக இருந்தால் ஓட்டம் குறையும், இறக்கத்தில் கூடும், இது எல்லோருக்கும் தெரிந்ததே. தெரியாமல் கவிழ்ப்பது இறங்கும் இடத்தின் சாய்வுதான். பந்து தொடும் அந்த ஒரு முழ இடம் உங்களை நோக்கிச் சாய்ந்திருந்தால் பந்து அங்கேயே இடித்து நிற்கும், அப்பால் சாய்ந்திருந்தால் பறக்கும். தட்டையான இடத்தைத் தேடுங்கள், அதற்காக ஒரு தப்படி முன்பின் ஆனாலும் பரவாயில்லை. கூடியமட்டும் கிரீனுக்குள்ளேயே இறக்குங்கள். ஃப்ரிஞ்சில் இறக்கினால் ஒரு நாள் துள்ளும், ஒரு நாள் செத்துவிடும், ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஃப்ரிஞ்சைப் பற்றிப் பேசும்போது ஒரு விதி. ஃப்ரிஞ்ச் கிரீன் இல்லை. கிரீனில் கிடக்கும் மணலைத் துடைக்கலாம், பந்து விழுந்த குழிவைச் சரிசெய்யலாம். ஃப்ரிஞ்சில் உங்கள் வழியில் பங்கர் மணல் சிதறிக் கிடந்தாலும் துடைக்கக் கூடாது. காய்ந்த இலை, குச்சி, சிறு கல் எடுக்கலாம், பந்து அசையாமல். பந்தை எடுத்துத் துடைப்பதும் கிரீனுக்குள் இருந்தால்தான். பட்டரால் உருட்டுவதா சிப்பரா என்று குழம்பும்போது இது முடிவு சொல்லும்: வழியில் மணலோ குழிவோ இருந்தால் அதன் மேலே தாண்டிப் போகிற கிளப்தான் சரி. கொடியைக் குழியிலேயே விட்டுவிடுங்கள், கொஞ்சம் வேகமாக வந்த பந்தை அது தடுத்து நிறுத்தும், சில நேரம் உள்ளேயும் தள்ளும்.

எடுக்கக் கூடாத இடங்கள்

பந்து நீளப் புல்லுக்குள் பாதி மூழ்கியிருந்தால் எடுக்காதீர்கள். அகலமான அடிப்பகுதி புல்லை வெட்டாது, புல்லே தலையைப் பிடித்து நிறுத்திவிடும். பந்தின் மேல்பாதி முழுசாகத் தெரிந்து, கீழேயும் புல் குறைவாக இருந்தால் முயலலாம். நடுவில் பங்கர் இருந்தால் வேண்டாம். பங்கருக்குள்ளிருந்தும் வேண்டாம், மேலெழும் ஓரமே இல்லாத, மணல் கெட்டியான பங்கராக இருந்தாலொழிய. கிரீன் உங்கள் தலைக்கு மேலே மேடாக இருந்தால் வேண்டாம்.

மாறாக, மரத்தடியில் கிளை தாழ்ந்திருக்கும்போது இதைவிட நல்ல கிளப் கிடையாது. நிமிர்த்தி வீச இடமிருக்காது, பந்து கிளைக்குக் கீழேயே போக வேண்டும், சிப்பர் இரண்டையும் கொடுக்கும். பெயரைப் பார்த்துக் கிரீன் ஓரத்துக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். மரத்தடியிலிருந்து ஃபேர்வேக்கு (வெட்டிய புல் உள்ள நடுவழிக்கு) இருபது தப்படி தப்பித்து வந்த நாளில்தான் அதன் அருமை புரிந்தது.

பயிற்சி

ஒரு துண்டை நாலாக மடித்துக் கிரீனுக்குள் ஒரு தப்படியில் போடுங்கள். பந்து முதலில் துண்டில் விழ வேண்டும், குழியைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பத்துக்கு ஆறு விழுந்தால் துண்டை இன்னும் சின்னதாக மடியுங்கள். அப்புறம் ஒவ்வொரு பந்தும் எத்தனை தப்படி ஓடியது என்று எண்ணி எழுதுங்கள். அந்த எண்தான் உங்கள் சிப்பரின் உண்மையான கணக்கு, நான் சொன்ன மூன்று பங்கு அல்ல. என்னுடையது ஈரமான காலையில் இரண்டரை, வெயில் ஏறிய பிறகு மூன்றரை.

அதன் பிறகு ஒரே ஒரு பந்தை மட்டும் வைத்துக்கொண்டு, இடம் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு சிப், உடனே பட்டரை எடுத்துக் குழிக்குள் போடும்வரை ஆடுங்கள். ஒரே இடத்திலிருந்து முப்பது பந்து அடிக்கும்போது கை கற்றுக்கொள்ளும், கண் தூங்கிவிடும். ஆட்டத்தில் இரண்டாவது பந்து கிடையாது. ஆட்டத்தின் நடுவிலும் ஒரு வசதி இருக்கிறது: ஒரு ஹோலை முடித்ததும் அந்தக் கிரீனிலோ அதன் ஓரத்திலோ சிப்பும் பட்டும் பயிற்சி செய்ய விதி இடம் தருகிறது, மைதானத்தின் உள்விதி தடுக்காமலும், பின்னால் வருகிறவர்களைக் காக்க வைக்காமலும் இருந்தால்.

கடைசியாகப் பையில் இடம். பதினாலு கிளப்தான், சிப்பரும் அதில் ஒன்று. பதினைந்தாவதாகச் செருகிக்கொண்டு போய் ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்தில்) மாட்டினால் ஒவ்வொரு ஹோலுக்கும் இரண்டு அடி, ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் நாலு அடி தண்டம். புது கிளப் வாங்கிய முதல் வாரத்தில்தான் இது நடக்கும், ஆகவே முதல் டீயில் (ஆட்டம் தொடங்கும் இடத்தில்) நிற்பதற்கு முன்னால் ஒரு தடவை எண்ணிவிடுங்கள். எதை வெளியே எடுப்பது என்றால் வெட்ஜை எடுக்காதீர்கள், மேலே சொன்ன இடங்களுக்கெல்லாம் அது வேண்டும். நான் 3 அயர்னை எடுத்தேன். அதைக் கடைசியாக எப்போது நேராக அடித்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.